கரிசல் மண்ணும் கற்கும் எந்திரமும்

விருதுநகரிலிருந்து சாத்தூர் நோக்கித் தெற்கே செல்லும் நெடுஞ்சாலை சூலக்கரையைக் கடந்ததும் இருபுறமும் கரிசல் நிலம் விரிகிறது. ஓரத்துச் சீமைக்கருவேல முட்களில் மெல்லிய நெகிழிப் பைகள் தொங்குவதைக் கோடையில் எவரும் காணலாம். ஆடிக்காற்று அவற்றை உப்பச் செய்யும். கண்மாய்க்குள் கொண்டு சேர்க்கும். ஆனால் எளிதில் கிழிக்காது. முள்ளில் மாட்டிய பின்னும் விட்டுக்கொடுக்காத அந்தப் பண்பையே கடைக்காரரும் வாங்குபவரும் அப்பையிடம் விரும்பினர். நாம் இன்று வெறுக்கும் பண்பும் அதுவே. பயன்படும் நாளில் உறுதி, பயன் முடிந்தபின் மறைவு என்னும் இரண்டையும் ஒரே பொருளிடம் எதிர்பார்ப்பது முறையா? முறையே என்பதும், அவ்வழியைத் தேட எந்திரக் கற்றல் நல்ல துணை என்பதும், அத்துணை நமக்குப் பயன்பட வேண்டுமாயின் நம் மண்ணையும் வெயிலையும் பற்றிய தரவுகளை நாமே திரட்ட வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

பைக்கு மாற்றான பை

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை விதிக்கப்படும் என்னும் அறிவிப்பு 2018 ஆம் ஆண்டு சூன் 5 அன்று சட்டமன்றத்தில் வெளியாயிற்று. தடை 2019 சனவரி முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பெற்றது. 2022 சூலை முதல் நாள் நாடு முழுவதற்குமான தடையும் சேர்ந்துகொண்டது. இவையெல்லாம் வரவேற்கத்தக்கவை. துணிப்பை செய்யக்கூடிய வேலையைத் துணிப்பையே செய்யட்டும். அதற்கு ஆய்வகமும் வேண்டா, கணினியும் வேண்டா.

துணிப்பை செய்ய இயலாத வேலைகளும் உள்ளன. அரைத்த இட்லி மாவைத் துணியில் கட்டிக் கொண்டுவர முடியாது. நாற்றங்காலில் மரக்கன்றுகளை வளர்க்கும் பைகள் பல மாதங்கள் நீரையும் வேரையும் தாங்கி நிற்க வேண்டும். சிவகாசியில் ஆண்டின் பெரும்பகுதியும் செய்யப்படும் பட்டாசுகள் தீபாவளிவரை கிடங்குகளில் காத்திருக்கின்றன. ஈரம் பட்டால் மருந்து கெடும் என்பதால் அவற்றின் பெட்டிகள்மீது ஒளிபுகும் மெல்லிய உறை சுற்றப்படுகிறது. ஒரு காலத்தில் பனையோலைக்குள் மருந்தை வைத்து மடித்த ஓலைவெடிக்கு இவ்வுறை தேவைப்படவில்லை. உடனுக்குடன் செய்து ஊருக்குள்ளேயே வெடித்தவர்களுக்கு ஓலை போதும். நாடெங்கும் அனுப்பப்படும் பெட்டிக்கு ஓலை போதாது.

இத்தகைய தேவைகளுக்காகவே மக்காச்சோளம், மரவள்ளி முதலியவற்றின் மாவுப்பொருளைச் சேர்த்துச் செய்த பைகள் சந்தைக்கு வந்தன. அவற்றில் சில உண்மையில் மக்குபவை. சில, வழக்கமான பாலித்தீனுடன் வேதிப்பொருள் ஒன்றைச் சேர்த்துத் தூளாகும்படி செய்யப்பட்டவை. பின்னவை மறைவதில்லை, கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள்களாகி மண்ணில் தங்கிவிடுகின்றன. உண்மையாக மக்கும் பைகளின் மீதும் மக்களுக்கு ஒரு குறை இருந்தது. இரண்டு கிலோ வெங்காயம் போட்டால் கைப்பிடி அறுந்துவிடுகிறது என்றனர். இக்குறையைச் சிறிதென ஒதுக்கிவிட இயலாது. பாதி வழியில் அறுந்த பையைக் கண்ட இல்லத்தரசி, அடுத்த முறை தடைசெய்யப்பட்ட பையையே கடைக்காரரிடம் தாழ்ந்த குரலில் கேட்கிறார். ஒரு சட்டம் வெல்வதும் தோற்பதும் சில வேளைகளில் ஒரு கைப்பிடியின் உறுதியைப் பொறுத்தே அமைகின்றன.

முறியாமல் தாங்குதல்

அறிவியலில் வலிமை வேறு, தாங்குதிறன் வேறு. மண்பானையின் ஓடு கைக்கு வளையாது. அவ்வகையில் அது வலியது. ஆனால் கீழே விழுந்தால் சிதறிவிடும். பனைநார் வளையும், முறுகும், இழுத்தால் சற்று நீளும், எளிதில் அறாது. ஒரு பொருள் உடைவதற்கு முன் எவ்வளவு ஆற்றலைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது என்பதே அதன் தாங்குதிறன். விசையை எதிர்த்து நிற்பதும் அவ்விசைக்கு நீண்டுகொடுப்பதும் சேர்ந்தால்தான் இத்திறன் வாய்க்கும்.

மக்கும் நெகிழிகளுள் பெரிதும் அறியப்பட்டது பாலிலாக்டிக் அமிலம். மாவுப்பொருளையோ கரும்புச் சர்க்கரையையோ நொதிக்கச் செய்து பெறும் லாக்டிக் அமிலத்தின் மூலக்கூறுகளைக் கோத்து இதனை உருவாக்குகின்றனர். நைலானைக் கண்டறிந்த கரோதர்ஸ் 1930களின் தொடக்கத்திலேயே இதனை ஆராய்ந்தார். எனினும் மக்காச்சோளத்திலிருந்து இதனைப் பெருமளவில் ஆக்கும் ஆலை அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் 2002 இல்தான் இயங்கத் தொடங்கியது. இப்பொருளின் இழுவலிமை பாலித்தீனை விட மிகுதி. ஆனால் இழுக்கும்போது தன் நீளத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்குகூட நீளாமல் முறிந்துவிடும். பைகளுக்குப் பயன்படும் பாலித்தீனோ தன் நீளத்தைப் போலப் பல மடங்கு நீளக்கூடியது. அதாவது, பாலிலாக்டிக் அமிலம் மண்பானையின் இனம்.

இதன் மற்றொரு குறையைக் கரிசல் நாட்டார் எளிதில் உணர்வர். ஏறத்தாழ 55 முதல் 60 பாகை செல்சியசில் இது தன் விறைப்பை இழந்து தளர்கிறது. அக்னி நட்சத்திர நாள்களில் தார்ப்பாய் போர்த்திய சரக்குந்தின் உட்புறம் இவ்வெல்லைக்கு அருகே சென்றுவிடும். வெப்பம் இல்லாத இடத்திலும் தொல்லை தீர்வதில்லை. கிடங்கில் வெறுமனே இருந்தாலே இதன் மூலக்கூறுகள் மெல்ல மெல்ல நெருங்கி அடங்கி, நொறுங்குத்தன்மை கூடுகிறது. மாசி மாதம் உறையிட்ட பட்டாசுப் பெட்டி ஐப்பசியில் பிரிக்கப்படுகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், செய்த அன்று அளந்த தாங்குதிறன் மட்டும் போதாது என்பது விளங்கும்.

நன்றாக நீளும் மக்கும் நெகிழிகளும் உண்டு. ஐந்நூறு விழுக்காட்டுக்கும் மேல் நீளக்கூடிய பி.பி.ஏ.டி. என்பது அவற்றுள் ஒன்று. இதுவோ பெரிதும் பெட்ரோலிய மூலப்பொருள்களிலிருந்து ஆக்கப்படுவது, விறைப்புக் குறைந்தது. விறைப்பானதையும் நீள்வதையும் கலந்துவிட்டால் என்ன என்று தோன்றுவது இயல்பே. ஆனால் இவ்விரண்டும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. உருக்கிக் கலக்கினாலும் ஒன்றினுள் மற்றொன்று தனித்தனித் துளிகளாகவே நிற்கிறது. துளியும் சூழ்பொருளும் பற்றிக்கொள்ளாத எல்லையில்தான் முதல் விரிசல் தோன்றுகிறது. அவ்வெல்லையைப் பிணைக்க மூன்றாவதாக ஓர் இணைப்புப்பொருள் தேவைப்படுகிறது.

கலவையின் கணக்கு

கலவையின் அருமை சிவகாசிக்குப் புதிதன்று. 1923 இல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த அய்ய நாடார், சண்முக நாடார் ஆகியோரின் முயற்சியால் தழைத்த ஊர் அது. கருமருந்தில் வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகியன 75, 15, 10 என்னும் விகிதத்தை ஒட்டி அமைகின்றன. இந்த மூன்று எண்களை எட்டுவதற்கு உலகம் பல நூற்றாண்டுகள் முயன்று தவறித் திருத்தியது. அத்தவறுகளுக்கு மனிதர் தந்த விலையை இவ்வட்டாரத்தாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பசுமைப் பட்டாசுக்காக நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் மேற்கொண்ட பணியும் அடிப்படையில் கலவையை மாற்றியமைக்கும் பணியே.

மக்கும் நெகிழிக் கலவையில் மூன்றுக்கும் மேற்பட்ட காரணிகள் உள்ளன. இரு நெகிழிகளின் விகிதம், இணைப்புப்பொருளின் அளவு, உருக்கும் வெப்பநிலை, கலக்கும் திருகின் வேகம், மூலப்பொருளில் எஞ்சியுள்ள ஈரம், குளிரவைக்கும் விரைவு என ஆறு காரணிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஐந்து அளவுகளைச் சோதிப்பதாயின் 15,625 கலவைகளைச் செய்து பார்க்க வேண்டும். நாளொன்றுக்குப் பத்துக் கலவைகளைச் செய்து, உலரவிட்டு, இழுத்து, முறித்து, அளந்து எழுதும் ஆய்வகம் ஒன்று விடுமுறையின்றி உழைத்தாலும் நான்கு ஆண்டுகளுக்கு மேலாகும். அதன் பிறகும் வேறோர் இணைப்புப்பொருளைப் பயன்படுத்தியிருக்கலாமே என ஒருவர் கேட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

எந்திரக் கற்றல் உதவ முன்வருவது இவ்விடத்தில். அது மந்திரம் அன்று. வானம் பார்த்த பூமியில் ஆழ்துளைக் கிணறு அமைப்பவரின் அறிவை எண்ணிப் பாருங்கள். ஊரில் எந்தெந்த இடத்தில் எத்தனை அடியில் நீர் கண்டது, எங்கே பாறை தட்டியது, எங்கே ஆயிரம் அடி போயும் புழுதியே வந்தது என்பன அவர் மனத்தில் உள்ளன. புதிய இடத்தைக் காட்டினால், அருகிலுள்ள கிணறுகளைக் கொண்டு ஒரு மதிப்பீடு சொல்வார். அருகே கிணறே இல்லையெனில் தம் மதிப்பீடு உறுதியற்றது என்பதையும் சொல்வார். 1951 இல் தென்னாப்பிரிக்கப் பொறியாளர் கிரிகே, தங்கச் சுரங்கங்களில் இதே சிந்தனையைக் கணிதமாக வகுத்தார்: சில இடங்களில் எடுத்த மாதிரிகளைக் கொண்டு எடுக்காத இடங்களின் தங்க அளவை மதிப்பிடுதல். இன்று பொருளறிவியலில் பயன்படும் கற்றல் முறைகளுள் ஒன்று அக்கணிதத்தின் வழிவந்தது.

நிலப்பரப்புக்கு மாற்றாகக் கலவைகளின் பரப்பை வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது கலவைகளைச் செய்து அளந்த தாங்குதிறனை எந்திரத்துக்குக் கொடுத்தால், செய்யாத கலவைகளின் தாங்குதிறனையும் தன் ஐயத்தின் அளவையும் அது மதிப்பிடுகிறது. நல்ல விளைவுக்கு வாய்ப்புள்ள இடத்தையோ தான் அறியாத இடத்தையோ அடுத்த சோதனைக்குச் சுட்டுகிறது. மனிதர் அக்கலவையைச் செய்து அளந்து மீண்டும் தருகிறார். இவ்வாறு மாறி மாறிச் செல்லும்போது பதினையாயிரம் சோதனைகள் சில நூறாகக் குறைகின்றன. இதற்குப் பெருங்கணினிக் கூடம் எதுவும் தேவையில்லை என்பதை மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். சில நூறு வரிகள் கொண்ட அட்டவணைக்குப் பள்ளியிலுள்ள மேசைக் கணினியே போதுமானது. அருமையானது அந்த அட்டவணைதான்.

மூன்று ஆய்வுகள்

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உலோகவியல் பொறியியல் பயின்று, இப்போது அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றும் ராம்பி ராம்பிரசாத், பலபடிகளை எந்திரக் கற்றலால் ஆராய்வதில் முன்னோடிகளுள் ஒருவர். அவரும் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தாரும் இணைந்து 2022 இல் வெளியிட்ட ஆய்வு, நுண்ணுயிரிகள் தம் உடலில் சேமித்து வைக்கும் பி.எச்.ஏ. என்னும் நெகிழி வகையைப் பற்றியது. இவ்வகையின் முதல் நெகிழியைப் பிரெஞ்சு அறிஞர் லெமுவாஞ் 1926 இலேயே கண்டறிந்துவிட்டார். ஆயினும் அதுவும் நொறுங்கும் இயல்பினது. ஆய்வாளர்கள் இவ்வகையில் ஆகக்கூடிய ஏறத்தாழ 14 இலட்சம் நெகிழிகளைக் கணினியில் அமைத்து, அவற்றின் வெப்ப இயல்பு, இழுவலிமை, வளி ஊடுருவும் அளவு முதலிய பண்புகளைக் கணித்தனர். இன்று பெரிதும் பயன்படும் ஏழு நெகிழிகளுக்கு மாற்றாகக் கூடிய 14 நெகிழிகளைத் தேர்ந்தனர். இவை கணிப்புகளே, செய்து பார்க்கப்பட வேண்டியவை. எனினும் 14 இலட்சத்திலிருந்து 14 ஆகக் குறைத்துத் தருவது சிறிய உதவியன்று.

2023 இல் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் வேறொரு வினாவை எழுப்பினர். எது மக்கும், எது மக்காது? அவர்கள் 642 பலபடிகளைச் செய்து, ஒவ்வொன்றையும் நுண்ணுயிரி வளரும் ஊடகத்தில் கலந்தனர். நெகிழியைச் சிதைத்து உண்ணும் இடத்தில் கலங்கல் நீங்கித் தெளிந்த வட்டம் உண்டாகும். இத்தரவைக் கற்ற எந்திரம், புதிய நெகிழி மக்குமா என்பதை நூற்றுக்கு 80க்கும் மேற்பட்ட முறை சரியாகச் சொன்னது. அச்சோதனையில் பயன்பட்ட நுண்ணுயிரி மேலே சொன்ன லெமுவாஞ்சின் பெயரைத் தாங்கியிருப்பது இனிய பொருத்தம்.

மூன்றாவது ஆய்வே நம் வட்டாரத்துக்கு மிக நெருக்கமானது எனக் கருதுகிறேன். மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் போ-யென் சென் குழுவினர் 2024 இல் வெளியிட்ட இவ்வாய்வில் பெட்ரோலியத்துக்கே இடமில்லை. செல்லுலோஸ் நுண்ணிழை, மான்ட்மோரில்லோனைட் என்னும் களிமத்தின் நுண்தகடுகள், ஜெலட்டின், கிளிசரால் ஆகிய நான்கை மட்டும் வெவ்வேறு விகிதங்களில் நீரில் கலந்து, உலர்த்திப் படலமாக்கினர். கலக்கும் வேலையைத் தானியங்கிக் கருவி செய்தது. முதலில் 286 படலங்கள். அவற்றுள் உருப்படியாக வந்தவை எவை, வராதவை எவை எனப் பிரித்தறிய எந்திரத்துக்குக் கற்பித்தனர். பின்னர் 14 சுற்றுகளில் மேலும் 135 படலங்களைச் செய்து, வலிமை, ஒளிபுகுதன்மை முதலிய பண்புகளைக் கணிக்கும் அளவுக்கு அதனை உயர்த்தினர். வேண்டிய பண்பைச் சொன்னால் விகிதத்தை அது தருகிறது.

இந்நான்கு பொருள்களையும் சற்றே உற்று நோக்குங்கள். செல்லுலோசின் தூய வடிவம் பருத்தி. இராசபாளையம் நூற்பாலைகளின் கழிவுப் பஞ்சும், மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் சத்திரப்பட்டித் தறிகளின் துண்டு நூலும் செல்லுலோசே. ஜெலட்டின் கால்நடைகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் பெறப்படுவது. 1948 முதல் சென்னையில் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இத்துறை கைவந்தது. மான்ட்மோரில்லோனைட் எங்கே கிடைக்கும்? கரிசல் மண் மழையில் உப்பிக் காலைப் பற்றுவதற்கும் கோடையில் பாளம் பாளமாக வெடிப்பதற்கும் காரணமான களிமம் அதுவே. உழவரையும் சாலை அமைப்போரையும் வீடு கட்டுவோரையும் தொல்லைப்படுத்தும் அத்தகட்டுக் களிமம், படலத்துக்குள் செல்லுலோஸ் இழைகளுக்கிடையே அடுக்கடுக்காகப் படிந்தால் உறுதி தருகிறது.

இவ்வமைப்புக்குத் தூத்துக்குடிக் கடல் பழைய எடுத்துக்காட்டு ஒன்றை வைத்துள்ளது. முத்துச்சிப்பியின் உட்புறத்து ஒளிரும் படலம் பெரும்பகுதியும் சுண்ணாம்புத் தகடுகளால் ஆனது. தனித்து நோக்கின் எளிதில் நொறுங்குவது. தகடுகளுக்கிடையே மிக மெல்லிய கரிமப் பசை உள்ளது. விரிசல் நேராக ஓட முடியாமல் தகட்டுக்குத் தகடு வளைந்து வளைந்து செல்ல நேர்வதால் ஆற்றலை இழந்து நின்றுவிடுகிறது.

கரிசல் மண்ணை அள்ளி அப்படியே கலந்துவிட முடியாது என்பதைச் சொல்லியாக வேண்டும். மணலும் சுண்ணாம்பும் இரும்பும் நீக்கிக் களிமத்தைத் தூய்மையாக்க வேண்டும். ஜெலட்டின் ஈரத்தை ஈர்ப்பது. மழைக்காலத்தில் அதன் இயல்பு மாறும். பட்டாசைத் தொடும் உறையாயின் மேலும் ஒரு கேள்வி உண்டு: உராய்வில் நிலைமின்னூட்டம் சேருமா? பட்டாசுத் தொழிலாளர் செயற்கை இழை ஆடை அணியாமல் பருத்தி அணிவது எதற்காகவோ, அதே காரணத்துக்காக உறையும் சோதிக்கப்பட வேண்டும். மேரிலாந்தின் எந்திரத்திடம் இக்கேள்விகளைக் கேட்டால் அதற்கு விடை தெரியாது. அதற்கு யாரும் அவற்றைக் கற்பிக்கவில்லை.

58 பாகையும் கண்மாய்க் கரையும்

‘உரமாகும் நெகிழி’ எனச் சான்று பெறுவதற்கான தரநிலை நம் நாட்டில் ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 ஆகும். சோதனை நிகழ்வது ஏறத்தாழ 58 பாகை வெப்பத்தில், ஈரமும் காற்றும் அளவோடு பேணப்படும் உரக்கலனில். அங்கே 180 நாள்களுக்குள் கரிமத்தில் 90 விழுக்காடு கரியமில வளியாக வேண்டும். இச்சோதனையில் தேறிய பாலிலாக்டிக் அமிலப் பொருள், 30 பாகையில் கிடக்கும் கண்மாய்க் கரை மண்ணில் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கக்கூடும். சான்றில் பொய் ஏதுமில்லை. அச்சான்று உரக்கலனைப் பற்றிப் பேசுகிறது. நம் பை சேருமிடம் கண்மாய். 2024 மார்ச்சில் திருத்தப்பட்ட நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகள் இவ்வேறுபாட்டை உணர்ந்து, ‘மக்கும் நெகிழி’ என்பது இயல்பான சூழலில், நுண்நெகிழித் துகள்களை எஞ்சவிடாமல் சிதைய வேண்டும் என வரையறுக்கின்றன. விதி சரியாகவே கேட்கிறது. எந்த மண்ணில், எத்தனை மாதத்தில் என்னும் விடையைச் சொல்லும் அட்டவணைதான் நம்மிடம் போதவில்லை.

தாங்குதிறனும் மக்குதலும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும் பண்புகள் என்பதையும் மறந்துவிடலாகாது. மூலக்கூறுகளை இறுகப் பிணைத்தால் பை அறுவதில்லை. நுண்ணுயிரியின் நொதியும் உட்புகுவதில்லை. எந்திரத்திடம் தாங்குதிறனை மட்டும் உயர்த்தித் தரச் சொன்னால், அது தயங்காமல் நம்மைப் பாலித்தீனின் வாசலுக்கே அழைத்துச் சென்றுவிடும். எதை விரும்புகிறோம் என்பதை முழுமையாகச் சொல்லத் தெரியாதவரிடம் இக்கருவி ஆபத்தானதும்கூட.

நம் நாட்டில் முயற்சிகள் இல்லாமலில்லை. பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனத்தின் ஐதராபாத் ஆய்வகம் உருவாக்கிய மக்கும் பைகளுக்கு 2021 ஆகஸ்டில் திருமலையில் தனி விற்பனையகம் திறக்கப்பட்டது. நெய் கசியும் இலட்டுகளைச் சுமந்து மலையிறங்கும் பைக்கு அதைவிடக் கடுமையான தேர்வு இராது. கிண்டியில் 1968 இல் தொடங்கப்பெற்ற மத்திய நெகிழிப் பொறியியல் நிறுவனம் இன்று மதுரையிலும் மையம் கொண்டுள்ளது. மரவள்ளியை ஆராய ஏத்தாப்பூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் நிலையம் உள்ளது. சிவகாசி மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியும் கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகமும் நம் மாவட்டத்திலேயே உள்ளன. ஆள் உண்டு, கருவி உண்டு. இவர்கள் அளக்கும் எண்கள் ஒரே வடிவில், ஒரே இடத்தில், எவரும் காணும்படி வைக்கப்பட வேண்டும்.

குறிப்பாகத் தோல்விகள் வைக்கப்பட வேண்டும். ஆய்விதழ்கள் வெற்றி பெற்ற கலவையையே விரும்பி வெளியிடுகின்றன. அறுந்த படலமும் மக்காத துண்டும் ஆய்வேட்டின் பக்கங்களுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. நீர் கண்ட கிணறுகளை மட்டும் கேட்டறிந்தவர், ஊரில் எங்கே தோண்டினாலும் நீர் உண்டு என்றே நம்புவார். எந்திரத்தின் நிலையும் அதுவே. மேரிலாந்துக் குழுவினர் உருப்படாத படலங்களையும் எண்ணிக் கணக்கில் சேர்த்ததால்தான் அவர்களுடைய எந்திரம் தன் எல்லையைக் கற்றுக்கொண்டது.

மறுப்புகள் சில

உண்ணும் தானியத்தை உறையாக்கலாமா என்பது முதல் மறுப்பு. நியாயமான மறுப்பே. விருதுநகர் மாவட்டத்து மானாவாரி மக்காச்சோளம் பெரிதும் கோழித் தீவனமாகச் செல்கிறது என்றாலும், விளைநிலத்தைப் பைக்காக ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. கழிவுப் பஞ்சு, சக்கை, தோல் துணுக்கு ஆகியவற்றை முதலில் தேட வேண்டும். எந்த மூலப்பொருளை முன்னிறுத்துவது என்பதையும் எந்திரத்துக்கு நாம் கொடுக்கும் நிபந்தனையாகவே வைக்கலாம்.

மக்கும் பை வந்தால் மக்கள் கூச்சமின்றி வீசி எறிவார்கள் என்பது மற்றொன்று. இதிலும் உண்மை உண்டு. மாவுப்பைக்கும் நாற்றுப்பைக்கும் பட்டாசு உறைக்கும் அப்பால் இதற்கு இடம் தராமலிருப்பதே அதற்கு விடை. மஞ்சப்பையின் இடத்தை இது பறிக்கலாகாது.

தொழிலை முன்வைத்து எழும் மறுப்பு நம் கவனத்துக்கு மிகவும் உரியது. 2019 தடையால் பை செய்துவந்த சிறு பட்டறைகள் முடங்கின. அங்கே வேலை செய்தவர்கள் வேறு வேலை தேடினர். பி.பி.ஏ.டி. சேர்ந்த கலவைகளைச் சில மாற்றங்களுடன் அதே ஊதுபடல எந்திரங்களில் ஓட்ட முடியும். ஆனால் எந்த வெப்பத்தில், எவ்வளவு உலர்த்தி, எந்த வேகத்தில் என்பதைப் பெரிய ஆலை தன் ஆய்வகத்தில் கண்டறிந்துகொள்ளும்; சிவகாசிப் பட்டறைக்காரர் மூலப்பொருளைப் பாழாக்கித்தான் கண்டறிய வேண்டும். பொதுவில் வைக்கப்பட்ட தரவு அவருக்குக் கிடைக்கும் முதலீட்டுக்கு ஒப்பானது. அரசு தரக்கூடிய மானியங்களுள் இதுவே மலிவானது என்பது என் எண்ணம்.

தொடக்கம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. மக்கும் எனச் சான்று பெற்ற படலங்கள் சிலவற்றையும் ஒப்பீட்டுக்குப் பாலித்தீனையும் ஒரே அளவாக நறுக்கி, நைலான் வலைப்பைகளில் இட்டு, சூலக்கரைக் கரிசலிலும் கண்மாய் வண்டலிலும் சேலத்துச் செம்மண்ணிலும் தஞ்சை வண்டலிலும் ஒரு சாண் ஆழத்தில் புதைக்கலாம். மாதந்தோறும் சில துண்டுகளை எடுத்துக் கழுவி உலர்த்தி நிறுத்து, அருகிலுள்ள கல்லூரியில் இழுத்து முறித்துப் பார்க்கலாம். அன்றைய மண்ணின் வெப்பமும் ஈரமும் உடன் குறிக்கப்பட வேண்டும். மேல்நிலைப் பள்ளிகளின் தேசியப் பசுமைப் படை மாணவர்கள் செய்யத்தக்க வேலை இது. துண்டுகளைப் புரட்டாசியில் புதைத்துவிட்டால், வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் நிறைவதும் பங்குனியில் அது வற்றிக் கரிசல் வெடிப்பதும் அந்த ஓராண்டு அட்டவணைக்குள் வந்துவிடும்.